ஹாலந்துப் பிள்ளைகளுக்கு எழுதிய பதில்

எனக்குத் தெரிந்த ஹாலந்து, மாட்டு ஹாலந்துதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு நிற்கின்றன. கறுப்பும் வெள்ளையுமாக, சித்திரை வெயிலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு, நாட்டு மாடு தின்பதைப்போல மூன்று மடங்கு தின்றுகொண்டு. அந்த நாட்டில் பாட்டுப் பாடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாட்டு என்று அவன் சொன்னதால் நானும் பாட்டு என்றே எழுதுகிறேன். முதல் தடவை அவன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டபோது, எங்கோ லாரி மோதிவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

“இதுல ஒரு எழுத்தாச்சும் புரியுதாடா?”

“நாலு தடவ கேட்டா புரியுமுங்கப்பா.”

“நாலு தடவ கேட்டா எனக்குக் காதே கேக்காது, போ.”

அவர்கள் ஐந்து பேர். எல்லாருக்கும் இருபது, இருபத்தொரு வயதுதான். ஊர் மிகச் சின்னது, நம்ம ஆட்டையாம்பட்டி அளவுதான் இருக்கும் என்றான் மகன். உருளைக்கிழங்கு கொட்டிவைக்கும் கொட்டகை ஒன்றில் பாடிப் பழகுகிறார்களாம். முன்னால் நின்று கத்துகிற குரல் ஆம்பிளைக் குரல் என்றே ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு பெண். ஐந்தடி உயரம்கூட இல்லாத, பேக்கரியில் வேலை பார்க்கிற ஒரு பெண். இந்த வகைப் பாட்டுக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பேர். பங்க் என்றால் எனக்கு வண்டிக்கு டீசல் போடுகிற இடம். அதைச் சொன்னபோது மகன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் அதை எழுதிப் போட்டான். அவளும் சிரித்தாளாம்.

இத்தனை கத்துகிற பிள்ளைகள் குடிப்பதில்லை, சிகரெட் இல்லை, கறி மீன் இல்லை. பால்கூடக் கிடையாது.

“ஏனுங்க, பாலுங் குடிக்கறதில்லையாமா? அப்பறம் அத்தன மாட்ட வச்சுக்கிட்டு என்னதான் பண்றாங்களாமா?” என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு அந்தக் குழுவைப் பற்றி இருந்த ஒரே சந்தேகம் அதுதான்.

எனக்குச் சந்தேகம் இல்லை, எரிச்சல் இருந்தது. பாட்டு வரிகளை மகன் போனில் காட்டினான். எழுந்திரு என்றது ஒன்று. பக்கத்தில் விழுந்தவனையும் தூக்கிவிடு என்றது இன்னொன்று. நாளைக்கு என்பது நம்முடையது, விட்டுக்கொடுக்காதே என்று ஒரு பாட்டு முழுக்க இருந்தது. எல்லாம் பாசிட்டிவ், அதுதான் இவர்களுடைய தனித்தன்மை என்று மகன் விளக்கினான். அழகுதான். மழை தவறாமல் பெய்கிற ஊரில், உடம்புக்கு வந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்கிற நாட்டில், இருபது வயதில் நானும்தான் பாசிட்டிவாக இருந்திருப்பேன். இதைச் சொல்ல எதற்கு இப்படித் தொண்டை கிழியவேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்படி நான் குறை சொன்னதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு.

என் மகனுக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். ஒரு தீபாவளிக்கு வந்தபோது கால் வீங்கியிருந்தது. பஸ்ஸில் நின்றே வந்தேன், அதனால்தான் என்றான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னோம். அடுத்த தடவை வந்தபோது முகமும் வீங்கியிருந்தது. ரத்தக் கொதிப்பு எத்தனை நாளாக இருந்ததோ, யாருக்கும் தெரியவில்லை, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வேலையை விட்டுவிட்டு மல்லசமுத்திரத்துக்கே வந்துவிட்டான். வாரத்தில் மூன்று நாள் சேலம் அஸ்தம்பட்டியில் டயாலிசிஸ். அவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. எனக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. யாரோ ஒருவர் இறந்து, அவர் சிறுநீரகம் இவனுக்குப் பொருந்தி வரவேண்டும். அதற்கான வரிசையில் பேர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அந்த மூன்று நாளும் நான் கூடவே போனேன். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் முதலாளியின் ஆபீசில் எனக்கு வேலை. தண்ணீருக்கு ஆழ்துளை போடும் வண்டிகள். பாதி வருடம் வண்டிகள் வடக்கே எங்கேயாவது நிற்கும். கம்பிரசருக்கு ஸ்பேர் கேட்பது, வந்த பைப் சரியில்லை என்று சண்டை போடுவது என்று எல்லாக் கடிதமும் ஆங்கிலத்தில் போகவேண்டும். அதுதான் என் வேலை. முதலாளிக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும் என்று அவர் நம்பினார். முப்பது வருடமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கடிதங்களை ஆஸ்பத்திரி ஸ்டூலிலிருந்தே போனில் அடித்து அனுப்பச் சொல்லி முதலாளி என்னை விட்டுவிட்டார். அந்த விஷயத்தில் நல்ல மனிதர்.

மிஷினில் நான்கு மணி நேரம். இந்தப் பிள்ளைகளின் பாட்டு ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாது. “ஒரு டயாலிசிசுக்கு நூத்தியறுவது பாட்டுங்கப்பா,” என்று மகன் கணக்குச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்கும் கால் கட்டைவிரலால் தாளம் போடுவான். மிஷின் அவன் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது அசைகிறவரை எனக்குக் கவலை இல்லை.

தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். மோர், காப்பி, குழம்பு எல்லாம் அதற்குள் அடக்கம். வைகாசி மாதம் திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லாரும் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடிப்பார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆட்டையாம்பட்டியில் பஸ் நிற்கும்போது முறுக்கு விற்கிறவர்கள் ஏறுவார்கள். உப்பு ஆகாது, அதனால் வாங்கக் கூடாது. ஒரு தடவை அவன் ஒரு பாக்கெட் வாங்கி, பிரிக்காமல், வாசனை மட்டும் பிடித்துவிட்டு என் மடியில் வைத்தான். நான் அதையும் தின்றேன். அவனுக்கு எதிரில் உட்கார்ந்து நொறுக்கு நொறுக்கு என்று தின்றேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம்போல இருக்கிறது.

அப்போதெல்லாம் என் வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. “சரியாயிரும் சாமி.” ஊசி குத்தும்போது சரியாயிரும். வாந்தி எடுத்தால் சரியாயிரும். பக்கத்து மிஷினில் படுத்திருந்த வாத்தியார் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்தினார். அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தார். அன்றைக்கும் நான் “அவரு வயசானவரு, உனக்கு சரியாயிரும்” என்றேன். மகன் சரிங்கப்பா என்பான். ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

அந்தப் பேக்கரிப் பெண்ணுக்கும் அவனுக்கும் போனில் எழுத்துப் போக்குவரத்து இருந்தது. முதலில் அவன்தான் எழுதினான். இந்தியாவில் ஒரு சின்ன ஊரில் மிஷினில் படுத்துக்கொண்டு உங்கள் பாட்டைக் கேட்கிறேன் என்று. அவர்களுக்கு அப்படி ஆயிரம் பேர் எழுதுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படியொன்றும் இல்லையாம். அவர்களைக் கேட்கிறவர்களே மொத்தம் கொஞ்சம்தானாம். அவள் உடனே பதில் எழுதினாள். அவளுடைய அண்ணன் பதினாறு வயதில் நோயில் இறந்தவன் என்று பிறகு ஒரு நாள் எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று நான் அவர்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

மிஷினுக்கு ஊசி குத்த இடது கையில் போட்டிருந்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துப்போய், வலது கைக்கு மாற்றினார்கள். ஊசி இருக்கும்போது அந்தக் கையை அசைக்கக் கூடாது. இடது கை விரல்கள் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தன. அதற்குப் பிறகு மிஷினில் இருக்கும்போது அவளுக்கு எழுதுவது என் வேலையாயிற்று. அவன் தமிழில் சொல்வான், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். “அப்பா, ஆபீஸ் லெட்டர் மாதிரி அடிக்காதீங்க, அந்தப் புள்ள பயந்துக்கும்” என்பான். ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ என்று நான் அடித்துவிட்டதைக் கண்டுபிடித்து ஒரு தடவை அழிக்கவைத்தான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு நான் பயன்பட்ட இடம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் அவளிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். அவர்கள் இந்தியாவுக்கு வருகிறார்கள், பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, உன்னால் வரமுடியுமா என்று கேட்டிருந்தாள். அதற்கப்புறம் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கேட்டு, மாவு பிசைய நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்திருந்தாள்.

மகன் கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, வாரேன்னு போட்டு உடுங்கப்பா.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மாதக்கணக்கில் அவன் நாளைக்கு என்ற பேச்சையே எடுத்ததில்லை. சரி, நான் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் அடித்து, அவன் மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டேன். பத்து நொடியில் அவளிடமிருந்து துள்ளிக் குதிக்கும் பொம்மைகளாக வந்தது. காட்டினேன். அவன் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்னவோ சொல்லவந்து, “தேங்க்ஸுங்கப்பா” என்று கண்ணை மூடிக்கொண்டான். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “பையன் பெங்களூர் போறேங்கறான் புள்ள, அவனே சொன்னான்” என்று சொல்லி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட நானே போனேன்.

ஏழு வாரம் கழித்து அவன் போய்விட்டான். மிஷின் இல்லாத ஒரு நாள் காலையில், அம்மா பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே சாய்ந்தான். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் கத்தியது கேட்டு ஓடிவந்தபோது அவனுக்கு ஒன்றும் இல்லை, தூங்குகிறான் என்றேன். சரியாயிரும் என்றும் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை, அவள்தான் பிறகு சொன்னாள்.

காரியமெல்லாம் முடிகிறவரை வீடு நிறைய ஆட்கள். வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு எழுந்து சொல்லாமல் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்லிக்கொண்டு போவோம். போறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சாவு வீட்டில் மட்டும் வாரேன் என்றும் சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போகவேண்டும். சங்ககிரியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் “அப்ப வா...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நடந்தார்.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சரி, வாரேன்னு போட்டு உடுங்கப்பா. அவள் அந்தக் கடிதத்தின் நடுவில் வருகிறாயா என்று கேட்டிருந்தாள், கடைசியில் கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தாள். இவன் சொன்ன வாரேன் எதற்குப் பதில்? பெங்களூருக்கு வருகிறேன் என்றானா? அல்லது எல்லாரையும்போலச் சொல்லிக்கொண்டு கிளம்பினானா? முப்பது வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதிய நான், ஒரு நொடி நிறுத்தி, எந்த வாரேன்டா என்று கேட்கவில்லை.

இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னேன்.

“வாரேன்னு சொன்னா வாரேன்னுதான் அர்த்தமுங்க. எம்பையன் வரோணும்னுதான் இருந்தான்,” என்றாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. நானும் தலையாட்டினேன்.

ஆனால் எனக்கு அது போதவில்லை. அவன் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தால், கடைசிவரை நம்பிக்கையோடு இருந்தான் என்று நானும் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். விடைபெற்றுக்கொண்டான் என்றால், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு ஏழு வாரம் என் பக்கத்திலேயே, ஒரு முழ தூரத்தில், யாரிடமும் சொல்லமுடியாமல் கிடந்திருக்கிறான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சரியாயிரும், சரியாயிரும் என்று அவன் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போனைத் திறந்து அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் அடித்த பதில், துள்ளும் பொம்மைகள், அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் எழுதியது ஒன்றும் இல்லை, எப்படி இருக்கிறாய் என்று அவள் கேட்டவை மட்டும் திறக்காமல் கிடந்தன. அவளுக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று பல தடவை அடிக்க ஆரம்பித்தேன். மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று கை தானாக அடிக்கும். அழித்துவிடுவேன்.

ஒரு நாள் அந்தப் போன் சத்தம் போட்டது. பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டோம், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி, வாசலில் பேர் எழுதிவைத்திருக்கிறோம், தயவுசெய்து வரவும் என்று எழுதியிருந்தாள். கூடவே இடத்தின் படம். நான் அடித்த பொய்யை நம்பி, செத்துப்போன பையனுக்காக அந்தப் பிள்ளைகள் வாசலில் பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். இனிமேலும் எழுதிக்கொண்டிருக்க முடியாது, நேரில்தான் சொல்லவேண்டும் என்று கிளம்பினேன்.

“அந்தப் புள்ளகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“தெரீல.”

“அழுவாதீங்க அங்க போயி. வெளியூர்ப் புள்ளைங்க, பாவம்.”

சேலத்திலிருந்து காலை பஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நெரிசலில் போய் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியைக் கண்டுபிடித்தேன். படியெல்லாம் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். வேட்டி கட்டிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான். கீழ்வீட்டுக்காரர், சத்தம் அதிகம் என்று சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, மரியாதையாக வழிவிட்டார்கள்.

வாசலில் ஒருவன் தாளோடு நின்றான். என் மகன் பேரைச் சொன்னேன். அவன் மேலிருந்து கீழே தேடினான். அந்தப் பேர் இல்லை. மறுபடி தேடினான். நானும் எட்டிப் பார்த்தேன். பதினைந்து பேர் இருந்தார்கள், அவன் இல்லை. கடைசி வரியில் மட்டும் ஆங்கில எழுத்தில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது.

“இது யாரு?” என்று கேட்டேன்.

“தெரியலை சார். பாடகி எழுதச் சொன்னாங்க. வேட்டி கட்டின ஒருத்தர் வந்தா உள்ள விடச் சொன்னாங்க.”

என்ன நடக்கிறது என்று புரியாமலே உள்ளே போனேன். சுவரோரம் நின்றேன். டிரம் குச்சியால் நான்கு தட்டினார்கள், அவ்வளவுதான், நெஞ்செலும்பு அதிர்ந்தது. அந்தப் பெண் நிஜமாகவே ஐந்தடி இல்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைக்கக் கத்தினாள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு பையன் கீழே விழுந்தான், மிதித்துவிடுவார்கள் என்று நான் கை நீட்டுவதற்குள் ஆறு கைகள் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டன. அவன் மறுபடியும் உள்ளே பாய்ந்தான். என் மகன் இந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அங்கே இருந்த ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்த்தேன். ஊசித் தழும்பு இல்லாத கைகள்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரு மூச்சில் ஆரம்பித்தேன். மன்னிக்கவேண்டும், அந்தப் பதில் நான் எழுதியது, என் மகன்...

“தெரியும்,” என்றாள் அவள் ஆங்கிலத்தில். “பல வாரம் என் எழுத்துகளை யாருமே திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் பார்த்துவிட்ட அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. போன் உங்கள் கையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். உங்களைத்தான் வரச் சொன்னேன்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துத் தன் போனை எடுத்தாள். அந்தப் பதில் போன மறுநாள் என் மகன் குரலாகப் பேசி அனுப்பியிருக்கிறான். தன் பக்கம் அதையும் அதற்கு அவள் எழுதியதையும் அழித்துவிட்டிருக்கிறான். அவளிடம் இருந்தது.

மாட்டுக் கொட்டகையில் நின்று பேசியிருக்கிறான். பின்னால் மாடு செருமுவது கேட்டது. அவன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அப்பா எழுதியது தப்பு என்றான் ஆங்கிலத்தில். எங்கள் ஊரில் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்வோம், நான் சொன்னது அது. நான் வரமாட்டேன். இருதயமும் கெட்டுவிட்டது, இனிமேல் மாற்று சிறுநீரகம் கிடைத்தாலும் வைக்கமுடியாது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

கொஞ்சம் மூச்சு வாங்கினான். பிறகு சிரித்தான். அப்பாவிடம் சொல்லமுடியாது என்றான். அவர் ரொம்பப் பாசிட்டிவான ஆள், உங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். நான் சொன்னால் உடைந்துபோவார். நான் போனபிறகு அவரால் உனக்கு எழுதமுடியாது, நேரில்தான் வருவார். வேட்டி கட்டிக்கொண்டு வருவார், அப்பா என்று வாசலில் எழுதிவை. ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு முதுகே போய்விட்டது, ஒருத்தர்கூட அவரை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. நீ கேள். நன்றாக இருக்கிறேன் என்பார். நம்பாதே, இன்னொரு தடவை கேள்.

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தரையில் சம்மணம் போட்டு என் எதிரே உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“ஃபைன்,” என்றேன். கை தானாக அடிப்பதைப்போல வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. வியர்வை இன்னும் காதோரம் ஓடிக்கொண்டிருந்தது. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

“நல்லா இல்ல சாமி,” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை.